வானம் கொடுத்ததை வரப்பு காக்கும்!

புதுச்சேரி கவர்னர் மாளிகைக்கு எதிரே பாரதி பூங்கா இருக்கிறது. அதன் நடுவே வெள்ளை வெளேர் என்று ஒரு மண்டபம் நிற்கிறது. அதற்குப் பெயர் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னமும் அதுதான்.

ஆயி யார்? அரசியா? இல்லை. அரசன் மகளா? அதுவும் இல்லை. அவள் ஒரு தாசி.

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தாராம். விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கண்டார். கோவில் என்று நினைத்துக் கைகூப்பினார். அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "இடித்துத் தள்ளுங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

ஆயி அழுது முறையிட்டாள். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டாள். தன் வீட்டைத் தானே இடித்தாள். அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாள். இது புதுச்சேரியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது, புதுச்சேரி நகரில் நல்ல குடிநீருக்குப் பஞ்சம். மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் சக்கரவர்த்தியாக இருந்த காலத்தில், நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்தில் இருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாகக் கட்டியதுதான் ஆயி மண்டபம். மண்டபத்துக்குச் சக்கரவர்த்தியின் பெயரை வைக்கவில்லை. குளம் வெட்டிய பெண்ணின் பெயரே நிலைத்தது.

இந்தக் கதையில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நகரம் குடிக்கும் தண்ணீர் நகரத்தில் பிறப்பது இல்லை. கிராமத்து மண்ணில் இறங்கிய மழைதான் நகரத்துக் குழாயில் வருகிறது. கிராமத்து மண் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால், விவசாயிக்கும் தண்ணீர் இல்லை. நகரத்தாருக்கும் தண்ணீர் இல்லை.

அந்த மண்ணைக் காப்பது எப்படி? தண்ணீரைப் பிடிப்பது எப்படி? நிலம் வைத்திருப்பவருக்கு யார் உதவுவார்கள்?

ஒரே நாளில் பாதி ஏரி!

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை சுமார் 48 சென்டிமீட்டர்!

புதுச்சேரியில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 130 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், அது 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 48 சென்டிமீட்டர் என்றால் 19 லட்சம் லிட்டர்! பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 190 வந்து ஒரே ஏக்கரில் கொட்டியதற்குச் சமம்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று? பெரும் பங்கு கடலுக்குப் போயிற்று. போகும்போது சும்மா போகவில்லை. வரப்பை உடைத்தது. பயிரைச் சாய்த்தது. மேல் மண்ணையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

மேல் மண் என்பது சாதாரணப் பொருள் அல்ல. பயிருக்கு வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது. மண்புழு வாழ்வது அதில்தான். விரல் பருமன் மேல் மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது போக ஒரு மழை போதும்.

உரம் போனால் கடையில் வாங்கலாம். விதை போனால் கடன் வாங்கியாவது வாங்கலாம். மண் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

புதுச்சேரியில் மழை வருடம் முழுவதும் சீராகப் பெய்வது இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் பெய்கிறது. ஐப்பசியில் கொட்டும் மழையைச் சித்திரைக்குச் சேமித்து வைக்க வேண்டும். நம் முன்னோர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அதுதான் ஏரி.

84 ஏரிகள்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 பாசன ஏரிகள் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி.

ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றில் இருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை ஆற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டு வருகிறது. பங்காரி என்ற பெண் தன் சொந்தச் செலவில் வெட்டிய வாய்க்கால் இது என்பது ஊர் வழக்கு. பாகூரை 'புதுச்சேரியின் நெற்களஞ்சியம்' என்று சொல்வார்கள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது இந்த ஏரியும் வாய்க்காலும்தான்.

ஏரியை வெட்டுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை. மழைநீரோடு வண்டல் வந்து சேரும். ஏரியின் ஆழம் குறையும். மதகு பழுதாகும். கரையில் எலி வளை தோண்டும். வாய்க்காலில் புல்லும் காட்டாமணக்கும் மண்டும். யாராவது ஒருவர் இதையெல்லாம் கவனிக்க வேண்டும்.

சோழர் காலத்தில் இதற்காகவே 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு இருந்தது. உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரெஞ்சு ஆட்சியிலும் புதுச்சேரியில் ஏரிப் பாசனக்காரர்களின் சங்கங்கள் இருந்தன. அவற்றுக்குப் பொது நிதியும் உண்டு. ஏரித் தண்ணீரை அனுபவிக்கிறவர்களே பணம் போட்டு, அவர்களே கூடிப் பேசி, அவர்களே வேலையை மேற்பார்வை பார்க்கும் ஏற்பாடு அது.

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. காலப்போக்கில் ஏரிகளைக் கவனிக்கும் பொறுப்பு அரசாங்க இலாகாக்களுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் போயிற்று. ஊராரின் பழைய சங்கங்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

போர் வந்தது, ஏரி போனது

அதே சமயத்தில் இன்னொரு மாறுதலும் வந்தது. மின்சாரம் வந்தது. மோட்டார் வந்தது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது.

விவசாயிக்கு இது பெரிய வசதி. ஏரியில் தண்ணீர் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மடைத் தகராறு இல்லை. முறை வைத்துப் பாய்ச்ச வேண்டாம். பொத்தானைத் தட்டினால் தண்ணீர்! இரண்டு போகம், மூன்று போகம் விளைந்தது. கரும்பு வந்தது. கையில் காசும் வந்தது. இதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், அவரவருக்குத் தனித் தண்ணீர் கிடைத்ததும் பொதுத் தண்ணீரை மறந்தார்கள். ஏரி தூர்ந்தது. வாய்க்கால் அடைந்தது. கரைகளில் ஆக்கிரமிப்பு வந்தது.

ஏரி வெறும் பாசனத் தொட்டி அல்ல. அதில் நிற்கும் தண்ணீர் மெதுவாகப் பூமிக்குள் இறங்குகிறது. சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்றுக் கண்ணாக இருப்பது அதுதான். ஏரியைக் கெடுத்துவிட்டுக் கிணற்றில் தண்ணீர் தேடுவது, பசுவுக்குத் தீனி போடாமல் பால் கறப்பது போன்றது.

நிலத்தடி நீர் இறங்கியது. 60 அடியில் கிடைத்த தண்ணீருக்கு 200 அடி போனார்கள். 200 அடியில் கிடைத்ததற்கு இன்னும் கீழே போனார்கள். ஆழத்துக்குப் போகப் போகச் செலவும் ஏறியது. பெரிய மோட்டார் போட வசதி உள்ளவர் தப்பினார். வசதி இல்லாதவரின் கிணறு வறண்டது.

கடல் உள்ளே வருகிறது!

கடலோர ஊர்களில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு.

உப்பு நீரைவிட நல்ல நீர் லேசானது. எனவே, கடற்கரை மண்ணுக்குள் நல்ல நீர் மேலே நிற்கிறது. கடல் நீர் கீழே நிற்கிறது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். மேலே நல்ல நீரின் பாரம் இருக்கும் வரை, கீழே உள்ள உப்பு நீர் அடங்கிக் கிடக்கும்.

நல்ல நீரை இறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? பாரம் குறையும். உப்பு நீர் மேலே ஏறும். கரைப் பக்கம் இருந்து உள்ளேயும் வரும். நல்ல நீரின் மட்டம் 1 அடி இறங்கினால், கீழே உப்பு நீர் சுமார் 40 அடி ஏற இடம் உண்டாகும் என்பது, 100 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய விஞ்ஞானிகள் போட்ட கணக்கு.

புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பாகி வருவதை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகவே எச்சரித்து வருகிறார்கள். உப்பு நீர் பாய்ந்த வயலில் நெல் நுனி கருகும். மண் மேல் வெள்ளை பூக்கும். குடிக்கவும் ஆகாது, பயிருக்கும் ஆகாது. ஒரு தடவை உப்பாகிவிட்ட ஊற்றைத் திரும்ப நல்ல நீராக்கப் பல ஆண்டு மழை வேண்டும்.

இதனால்தான் புதுச்சேரி அரசாங்கம் 2002-ல் நிலத்தடி நீருக்காகவே தனிச் சட்டம் கொண்டு வந்தது. போர் போட அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. சிலருக்கு இது தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால், பூமிக்கு அடியில் வேலி இல்லை. ஒருவர் அளவுக்கு மீறி இறைத்தால், பக்கத்து நிலத்துக்காரரின் கிணறும் சேர்ந்து கெடுகிறது.

ஏரிகளுக்கு மறு உயிர்

நிலைமை முற்றியபோது, திருத்தும் முயற்சியும் பிறந்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு புதுச்சேரியில் ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஏரிகளைத் தூர் வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மதகைச் செப்பனிடுவது, வரத்து வாய்க்கால்களைத் திறந்து விடுவது ஆகிய வேலைகள் நடந்தன.

இந்தத் திட்டத்தின் முக்கியமான அம்சம் மண்வெட்டி வேலை அல்ல. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு சங்கம் அமைத்ததுதான் முக்கியம். ஏரித் தண்ணீரால் பயன் அடைகிறவர்களே கூடி முடிவு எடுக்க வேண்டும் என்றார்கள். பழைய ஏரி வாரியமும், பிரெஞ்சுக் காலத்துப் பாசனச் சங்கமும் புது உருவில் திரும்பி வந்தன என்று சொல்லலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி ஒரே துண்டாக அமைந்த பிரதேசம் அல்ல. நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள் இருக்கின்றன. ஊசுட்டேரியின் ஒரு பகுதி புதுச்சேரியில். மறு பகுதி தமிழ்நாட்டில். சங்கராபரணியும் தென்பெண்ணையும் வெளியில் இருந்துதான் வருகின்றன. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. எனவே, அக்கம்பக்கத்து ஊரார் மனம் ஒத்துப் போனால்தான் ஏரிக்குத் தண்ணீர்.

செம்மண் மேடு சொல்லும் பாடம்

மண்ணைக் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும், காத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே இடத்தில் சாட்சி இருக்கிறது. நகருக்கு வடமேற்கே உள்ள செம்மண் மேடுதான் அது.

ஒரு காலத்தில் அங்கே காடு இருந்தது. மரங்களை வெட்டினார்கள். ஆடு மாடுகள் புல்லையும் மேய்ந்தன. மூடாக்கு இல்லாத செம்மண்ணை மழை அரித்தது. ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளங்கள் விழுந்தன. மழைக்காலத்தில் ஓடைகள் சிவப்பாக ஓடின. அந்தச் சிவப்பு, கடல் வரைக்கும் தெரிந்தது.

1968-ல் அங்கே ஆரோவில் நகரம் தொடங்கியது. பல நாட்டில் இருந்து வந்தவர்களும் சுற்று வட்டார கிராமத்தாரும் சேர்ந்து வேலை செய்தார்கள். முதலில் செய்த காரியங்களில் முக்கியமானது வரப்புப் போட்டது. சரிவுக்குக் குறுக்கே மண் வரப்புகள் எழுந்தன. ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். வரப்பு தண்ணீரை நிறுத்தியது. நின்ற தண்ணீர் மண்ணில் இறங்கியது. ஈரம் கண்ட மண்ணில் மரக்கன்று வேர் பிடித்தது. லட்சக்கணக்கான மரங்கள் நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. வரப்புப் போடாத பக்கங்களில் பழைய செம்மண் பள்ளங்களையும் இன்றும் பார்க்கலாம்.

முதலில் வரப்பு, பிறகு ஈரம், பிறகுதான் மரம். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை.

ஔவையார் அரசனை வாழ்த்தப் போனபோது, வாளை வாழ்த்தவில்லை. வரப்பை வாழ்த்தினார் என்பது சிறுவர்களுக்கும் தெரிந்த கதை. அதன் பொருள் இந்தச் செம்மண் மேட்டில் கண்ணுக்குத் தெரிகிறது.

"அவன் கட்டட்டும்!"

வரப்பு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் கட்டவில்லை? எந்த ஊர் டீக்கடையிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

"ஏன் மாமா, வரப்பைக் கொஞ்சம் உசத்திக் கட்டினால் என்ன?"

"கட்டலாம் மாப்பிள்ளை. மேட்டு நிலத்துத் தண்ணி எல்லாம் வந்து என் வரப்பைத்தானே உடைக்குது? முதல்லே அவன் கட்டட்டும்."

மேட்டு நிலத்துக்காரரைக் கேட்டால், "என் நிலத்தில் தண்ணீர் நிற்பதே இல்லை, பள்ளத்தில் இருக்கிறவர் கட்டட்டும்" என்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனி ஒருவர் கட்டும் வரப்பு, பெருமழையில் நிற்காது. அதனால்தான், மேட்டில் தொடங்கிப் பள்ளம் வரை, எல்லா நிலங்களிலும் வரிசையாக வேலை செய்ய வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். மேட்டில் தண்ணீரின் வேகத்தைக் குறைத்துவிட்டால், பள்ளத்தில் சிறிய வரப்பே போதும்.

அமெரிக்காவும் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1930-களில் அங்கே மத்திய சமவெளிகளில் கடும் வறட்சி. அளவு மீறி உழுது போட்ட மண், புழுதிப் புயலாகக் கிளம்பியது. பகல் இருட்டாயிற்று. லட்சக்கணக்கான ஜனங்கள் ஊரை விட்டே போனார்கள். 1935-ல் மண் பாதுகாப்புக்கு என்றே அந்த நாட்டு அரசாங்கம் தனி இலாகா தொடங்கியது. அடுத்து, ஒரு வட்டாரத்து நிலக்காரர்கள் தாங்களே கூடி மண் பாதுகாப்பு வட்டங்களை அமைத்தார்கள். நிபுணரை அரசாங்கம் அனுப்பும். கூடி வேலை செய்வது விவசாயிகளின் பொறுப்பு.

நிலக்காரர் நகரத்தில் இருக்கிறார், கிராமத்தில் வேறொருவர் குத்தகைக்கு உழுகிறார் என்ற நிலையும் உண்டு. "நம் நிலம் இல்லையே, நாம் ஏன் வரப்புக்குச் செலவு செய்ய வேண்டும்?" என்று குத்தகைக்காரர் நினைக்கிறார். "வருடக் குத்தகை வந்தால் போதும்" என்று நிலக்காரர் நினைக்கிறார். நடுவில் மண் கடலுக்குப் போகிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ, அவர் முன்வந்து கையெழுத்துப் போட்டால்தான் பல உதவிகள் கிடைக்கும்.

நிலத்தில் என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு.

கோடை உழவு: சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்ததும், சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு அணை.

வரப்பில் பசுமை: வெறும் மண் வரப்பு கரையும். வெட்டிவேர் நட்டால் அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைக் கட்டிப் பிடிக்கும்.

பசுந்தாள் உரம்: தக்கைப்பூண்டு, சணப்பு ஆகியவற்றை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழலாம். மண்ணில் மக்குச் சத்து ஏறும். மக்கு ஏறிய மண், கடற்பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

ஏரி வண்டல்: ஏரிக்கு வந்த வண்டல் என்ன? நம் நிலத்தில் இருந்து போன மேல் மண்தானே! முறைப்படி அனுமதி பெற்று எடுத்து வந்து வயலில் போட்டால், ஏரியும் ஆழமாகும், வயலும் வளமாகும்.

பண்ணைக் குட்டை: நிலத்தின் தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டலாம். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். பக்கங்களைச் சரிவாக வெட்டினால் அளவு கொஞ்சம் குறையும். பயிர் வாடும் சமயத்தில் ஒரு தடவை பாய்ச்ச இது கை கொடுக்கும். குழந்தைகள் விழுந்துவிடாமல் சுற்றிலும் வேலி போடுவது அவசியம்.

நெல்லுக்கு நீர் நிர்வாகம்: நெல் வயலில் எப்பொழுதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு எளிய வழியைப் பரப்பியது. 30 சென்டிமீட்டர் நீளக் குழாயில் துளைகள் போட்டு, பாதியை வயலில் புதைக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காய விடக் கூடாது.

ஒற்றை நாற்று நடவும் தண்ணீரை மிச்சப்படுத்தும். மடகாஸ்கர் தீவில் லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983-ல் கண்டுபிடித்த முறை அது. 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, இடைவெளி விட்டு நடுவார்கள். விதை குறைவு, தண்ணீர் குறைவு. தமிழ்நாட்டில் இதற்குத் 'திருந்திய நெல் சாகுபடி' என்று பெயர்.

யாரைக் கேட்பது?

யோசனை கேட்க வெகு தூரம் போக வேண்டாம். புதுச்சேரி விவசாய இலாகாவின் 'உழவர் உதவியகம்' கிராமப்புறங்களில் இருக்கிறது. மானியத் திட்டங்களுக்கு மனுக் கொடுக்கும் இடமும் அதுதான். எந்த வருடம் எந்தத் திட்டம் நடக்கிறது, எவ்வளவு மானியம் என்று முதலில் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

சொட்டு நீர்ப் பாசனத்துக்கு மத்திய அரசாங்கத்தின் திட்டம் உண்டு. 5 ஏக்கருக்கு உட்பட்ட சிறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் கொடுப்பது அதன் விதி.

புதுச்சேரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 700-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது நம்முடையது! குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் அது நடக்கிறது. விவசாயிகளுக்கும், கிராமத்துப் பெண்களுக்கும், வேலை தேடும் இளைஞர்களுக்கும் அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டுமானால், உழவர் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பாரா? 2015-ல் மத்திய அரசாங்கம் மண் வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. நிலத்தில் என்ன சத்து இருக்கிறது, எது குறைவு, எவ்வளவு உரம் போட வேண்டும் என்பதை அந்த அட்டை சொல்லும்.

மண் மாதிரி எடுப்பது சுலபம். வயலில் 10 அல்லது 15 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், எருக்குழி ஓரம், மர நிழல் வேண்டாம். மேலே உள்ள சருகை அகற்றி, 'வி' எழுத்தைப் போல அரை அடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிர் எதிரான இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படிச் செய்து, துணிப்பையில் போட்டுப் பெயர், ஊர், பயிர் எழுதிக் கொடுத்தால் போதும்.

உப்புத் தண்ணீர் என்று சந்தேகம் வந்தால், கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் கொண்டு போய்ச் சோதிக்கலாம். மண் உவரா, களரா என்று தெரியாமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு. களருக்குத்தான் ஜிப்சம். உவருக்கு, நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். அதற்கும் மழைநீரே மருந்து!

இந்த ஐப்பசிக்கு முன்னால்

அரசாங்கம் ஏரியைத் தூர் வாரலாம். மானியம் கொடுக்கலாம். யோசனை சொல்லலாம். ஆனால், ஒவ்வொரு வயலின் வரப்புக்கும் அரசாங்கம் வந்து நிற்க முடியாது. மழை இரவு 2 மணிக்கும் பெய்யும். வரப்பு உடைந்தால் மண்வெட்டியோடு ஓட வேண்டியவர் அந்த நிலத்துக்காரர்தான்; துணைக்கு வர வேண்டியவர் பக்கத்து நிலத்துக்காரர்தான்.

கூடிப் பேசப் பெரிய கூட்டம் வேண்டாம். ஒரே ஓடையின் கரையில் நிலம் வைத்திருக்கும் பத்துப் பேர் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். யார் நிலத்தில் இருந்து தண்ணீர் வருகிறது, எங்கே உடைகிறது, யார் வாய்க்காலை அடைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பத்துப் பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு உழவர் உதவியகத்துக்குப் போனால், ஒருவர் பத்துத் தடவை அலைவதைவிடக் காரியம் சீக்கிரம் நடக்கும்.

வானம் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஏக்கருக்கு 52 லட்சம் லிட்டர், வருடா வருடம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதில் எவ்வளவு நம் மண்ணில் தங்குகிறது என்பது நம் கையில் இருக்கிறது. புரட்டாசியில் வரப்பைப் பார்த்தவர், சித்திரையில் கிணற்றைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியது இல்லை.